நாடா எதை அளக்கிறது? நூறு நாள் வேலையும் காலநிலைத் தகவமைப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால் வரிசையாகக் குழிகள் தெரியும். சதுரம் சதுரமாக, ஏறக்குறைய ஒரே ஆழத்தில், குழிக்கும் குழிக்கும் நடுவே வெட்டாமல் விட்ட வரப்போடு. வெட்டிய மண் பக்கத்திலேயே கிடக்கும். கொஞ்சம் அக்கறையான ஊராக இருந்தால் கரைமேல் ஏறியிருக்கும். ஐப்பசி மழைக்கு அதில் ஒரு பங்கு வந்த இடத்துக்கே திரும்பிவிடும். நூறு நாள் வேலை என்றதும் பலருக்கு மனத்தில் வரும் படம் இதுதான். "மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்" என்ற கேலியும் இதை ஒட்டித்தான் பிறந்தது.

அந்தக் குழியின் வடிவத்துக்கும் சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. ஓவர்சியர் வந்து நாடாவைப் பிடித்து, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி எம் புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதற்கு வசதியான வடிவம் சதுரக் குழி. எத்தனை கன மீட்டர் மண் வெட்டப்பட்டது என்பதற்குக் கூலி. அந்த மண்ணை எடுத்ததால் கண்மாயில் எத்தனை நாள் கூடுதலாகத் தண்ணீர் நின்றது, கடைமடைக்கு எட்டியதா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது.

ஊரக வேலைவாய்ப்புத் திட்டத்தோடு காலநிலைத் தகவமைப்பை, அதாவது மாறிவரும் மழையையும் வெயிலையும் தாங்க ஊரைத் தயார்ப்படுத்துவதை, இணைப்பது எப்படி என்ற கேள்விக்குக் கொள்கை ஆவணங்களில் பக்கம் பக்கமாகப் பதில் உண்டு. என் பார்வையில் அந்த இணைப்பு நடப்பதும் நடக்காமல் போவதும் இரண்டே தாள்களில்தான்: வேலை தொடங்குமுன் போடும் எஸ்டிமேட்டிலும், முடிந்தபின் எழுதும் அளவுப் புத்தகத்திலும்.

சட்டம் விட்டுவைத்த இடம்

தேசிய ஊரக வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2ஆம் தேதி 200 பின்தங்கிய மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் சுற்றில் வந்தவை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது; 2009இல் காந்தியின் பெயர் சேர்ந்தது.

அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எந்தெந்த வேலைகளை எடுக்கலாம் என்று பெயர் சொல்லி எட்டு வகைகள் இருந்தன: நீர் சேகரிப்பு, காடு வளர்ப்பு உள்ளிட்ட வறட்சித் தடுப்பு, பாசனக் கால்வாய், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நிலங்களுக்குப் பாசனம், பழைய நீர்நிலைகளைத் தூர்வாருதல், நில மேம்பாடு, வெள்ளத் தடுப்பு, கடைசியாகச் சாலை. சாலையை விட்டுவிட்டால் மற்ற ஏழும் நீரும் நிலமும். இன்று தகவமைப்பு என்று நாம் அழைப்பதெல்லாம், அந்தப் பெயர் இல்லாமலே 2005இல் உள்ளே உட்கார்ந்திருந்தன. பின்னால் பட்டியல் 260க்கும் மேற்பட்ட வேலைகளாக நீண்டது. மாவட்டச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நிலம், நீர், மரம் வழியே வேளாண்மையோடு நேரடியாகத் தொடர்புடைய சொத்துகளுக்குப் போக வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஆக, பட்டியலில் குறை இல்லை. பலன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேதக், சித்ரதுர்கா, தார், பில்வாரா ஆகிய நான்கு மாவட்டங்களில் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, திட்டத்தின் நீர், நில வேலைகள் நடந்த ஊர்களில் வேளாண்மையும் வாழ்வாதாரமும் பாதிப்புக்கு உள்ளாகும் தன்மை குறைந்திருப்பதைக் காட்டியது. வறட்சியைத் தாங்கும் திறன் நூறு நாள் வேலையின் துணை விளைபொருளாக ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தது. துணை விளைபொருளாகவே நின்றுவிட்டது என்பதுதான் சிக்கல்.

மழை மாறிய விதம்

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் காலநிலை மாற்றத்தை "மழை குறைகிறது" என்று சுருக்கிச் சொல்வது சரியாக இருக்காது. மழை வரும் விதம்தான் கெட்டுப்போயிருக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தப் பகுதிக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டியதைவிட அது அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்தன.

ஒரே கண்மாய் ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் ஒருமுறை சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் ஒருமுறை உடையும் அளவுக்கு நிறைந்தும் நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே எஸ்டிமேட் போதுமா?

போதாது என்பதைப் பழைய கண்மாய்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றுள் மிகப் பல தனித்தனித் தொட்டிகளாக இல்லாமல் சங்கிலிகளாகவே கட்டப்பட்டவை. மேல் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே வழியும் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் பெருமை அதன் பரப்பில் மட்டும் இல்லை. வரத்தும் மடையும் கலிங்கும் சேர்ந்து ஒரு கணக்காக ஓடியதில் இருக்கிறது. வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் நிறையாது. கலிங்கு சிதைந்தால் நிறைந்த கண்மாய் கரையை உடைத்துக்கொண்டு போகும். தண்ணீர் தேங்கும் உட்பகுதியான உள்வாயில் எத்தனை குழி வெட்டினாலும் இந்த இரண்டுக்கும் ஈடாகாது.

நூறு நாள் வேலையில் அதிகம் நடப்பதோ உள்வாய்க் குழிதான். காரணம் எளிது. உள்வாய் அகலமான இடம். நூறு பேரை ஒரே இடத்தில் இறக்கலாம், காலையில் படம் எடுக்கலாம், மாலையில் அளக்கலாம். வரத்துக்காலோ மூன்று ஊராட்சிகள் தாண்டி வரும். நடுவில் யாரோ ஒருவருடைய வேலி இருக்கும், ஒரு ரைஸ் மில் சுவர் இருக்கும், பக்கத்து ஊர்த் தலைவர் வேறு கட்சியாக இருப்பார். எஸ்டிமேட் ஊராட்சி எல்லையோடு நிற்கும். தண்ணீருக்கு ஊராட்சி எல்லை தெரியாது.

கலிங்கைச் சரிசெய்யக் கல்லும் சிமென்ட்டும் வேண்டும். கூலிக்குக் குறைந்தது 60, பொருளுக்கு அதிகபட்சம் 40 என்ற விகிதம், ஒப்பந்தக்காரர்களும் ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களும் கூடாது என்ற தடை, இரண்டும் நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டவை. அவற்றைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தளர்த்தினால் வேலை ஆளிடமிருந்து பொக்லைனுக்குப் போய்விடும். ஆனால் அந்த 40ஐ எதில் செலவழிக்கிறோம் என்று கேட்கலாம். ஊருக்குள் இன்னொரு சிமென்ட் சாலைக்குப் போவது கலிங்குக்கும் மடைக்கும் போனால் விகிதம் மாறாது, பலன் மாறும். சாலை ஓட்டு வாங்கும், கலிங்கு வாங்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வண்டலும் கருவேலமும்

தூர்வாரும் வேலையில் இரண்டு பலன்கள் ஒளிந்திருக்கின்றன. நாம் ஒன்றை மட்டும் எண்ணுகிறோம். கண்மாயின் கொள்ளளவு கூடுவது ஒன்று. எடுத்த வண்டலைப் புஞ்சையில் பரப்பினால் மண் ஈரத்தைக் கூடுதல் நாள் பிடித்து வைத்திருக்கும் என்பது இன்னொன்று. விதைத்தபின் மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் பயிர் பிழைப்பதும் கருகுவதும் அந்தச் சில நாள் ஈரத்தில்தான் தீர்மானமாகும். கோடையில் மாட்டு வண்டியில் கரம்பை அடித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னாளில் கண்மாய் மண் சட்டத்தின் கண்ணில் கனிமமாகிவிட்டது. எடுக்க அனுமதி வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்க வழிசெய்து இதை எளிதாக்கியது. ஆனாலும் நூறு நாள் வேலையின் குழியும் விவசாயியின் டிராக்டரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் சந்திப்பதற்கான ஏற்பாடு எந்த எஸ்டிமேட்டிலும் வழக்கமாக இருப்பதில்லை. வெட்டுவது ஒரு துறை, அனுமதிப்பது ஒரு துறை. இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தாலே, புதிதாக ஒரு ரூபாய் ஒதுக்காமல், அதே கூலியில் இரண்டு பலன் கிடைக்கும்.

சீமைக் கருவேலத்தின் கதை இன்னும் சிக்கலானது. வரத்துக்காலையும் உள்வாயையும் அடைத்து நிற்பது அதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளால் 2017 வாக்கில் பெரிய அளவில் வெட்டும் வேலை நடந்ததும், பிறகு அது நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். தரையோடு வெட்டினால் அடுத்த மழையில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்க்க ஆள் பலம் மட்டும் போதாது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் நடக்கும் 'தண்ணீருக்காக உழைப்பு' என்ற பொருள்படும் அரசுத் திட்டம், நீரை உறிஞ்சும் அயல் மரங்களை அகற்றும் வேலையையே ஏழைகளுக்கான வேலைவாய்ப்பாக ஆக்கியது. அங்கே கற்ற பாடம், ஒருமுறை வெட்டுவது செலவு, திரும்பத் திரும்பப் போய் மறுதளிரைக் களைவதுதான் வேலை என்பது. நம் எஸ்டிமேட்டில் மறுமுறை போவதற்கு இடமில்லை. "பணி முடிந்தது" என்று படம் ஏற்றியதும் அந்தக் கோப்பு மூடிவிடும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது கருவேலங்கரி மூட்டம்தான். அந்த மரத்தை அகற்றுவது கண்மாய்க்குத் தகவமைப்பு. மூட்டம் போடுபவருக்கு அது காப்பீட்டை ரத்து செய்வது போல. அகற்றும் திட்டம் தீட்டும்போது அந்தக் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் பனையோ நாட்டு மரமோ நட்டுப் பராமரிக்கும் நாள்கூலியைச் சேர்த்தே தீட்ட வேண்டும்.

எங்கே பலித்தது

வேலூர் மாவட்டத்து நாகநதி, பாலாற்றின் துணை ஆறுகளுள் ஒன்று; பல ஆண்டுகளாக வறண்டு கிடந்தது. 2014 வாக்கில் தொடங்கி, நூறு நாள் வேலையில் ஏறத்தாழ 20,000 பெண்கள் அந்தப் படுகையில் உழைத்தார்கள். மலைச்சரிவு ஓடைகளில் கல் தடுப்புகளை அடுக்கினார்கள். சிமென்ட் உறைகளை இறக்கி மீள்நிரப்புக் கிணறுகளை அமைத்தார்கள். ஓடும் மழைநீர் நின்று பூமிக்குள் இறங்கியது, ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. 2021இல் பிரதமரின் வானொலி உரையிலும் இது பேசப்பட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் புகழ் அல்ல. வேலைக்கான இடங்கள் ஆற்றுப் படுகையை முழுதாகப் பார்த்துக் குறிக்கப்பட்டன. "இந்த ஊராட்சிக்கு எத்தனை ஆள் நாள் மிச்சம்?" என்று தொடங்காமல் "தண்ணீர் எங்கே ஓடிப்போகிறது?" என்று தொடங்கியிருக்கிறார்கள். சட்டம் அதேதான், கூலியும் அதேதான்.

ராமநாதபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவியோடு நடந்த நீர்ப் பாதுகாப்பு, காலநிலைத் தகவமைப்புத் திட்டமும் இதே வழியில் போனது. நீர்ப்பிடிப்பு வரைபடத்தை வைத்து ஊராட்சி வாரியாக வேலைகளைக் குறித்து, நூறு நாள் நிதியில் அவற்றை எடுப்பது அதன் அடிப்படை. பணம் புதிதல்ல, வரைபடம்தான் புதிது.

நாகநதியில் கண்டது வேலையின் வெற்றி. மராட்டியத்தின் ஹிவ்ரே பஜார் என்ற ஊரில் கண்டது வேலைக்குப் பிந்தைய கட்டுப்பாட்டின் வெற்றி. இந்த ஊரிடம்தான் நாம் அதிகம் கற்க வேண்டும் என்பேன். 1972-73 பஞ்சத்தில் பிறந்து 1977இல் சட்டமான மராட்டிய வேலை உறுதித் திட்டம்தான் நம் நூறு நாள் வேலைக்குத் தாய். மழை மறைவுப் பகுதியான அகமதுநகர் மாவட்டத்தில் (இப்போது அகில்யாநகர்) இருக்கும் அந்தச் சிற்றூரில், 1989இல் ஊர்த் தலைவரான போபட்ராவ் பவார் அந்தத் திட்டத்தையும் பயன்படுத்தி மலைச்சரிவுகளில் சமமட்ட வாய்க்கால்களை வெட்ட வைத்தார். அதோடு நிறுத்தவில்லை. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது, கண்ட இடத்தில் மேய்ச்சல் கூடாது என்று ஊர் தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையைக் கணக்கிட்டு, முதலில் குடிநீருக்கு ஒதுக்கி, மிச்சத்துக்கு ஏற்ற பயிரைத் தீர்மானிக்கிறார்கள். பவாருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த விதிகள் இல்லாமல் சேமித்த தண்ணீர் என்னாகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். தனிநபர் நிலங்களில் பாசனக் கிணறு வெட்டுவதும் திட்டத்தில் உண்டு. பாறைப் பகுதியில் ஒருவர் கிணறு ஆழமானால் பக்கத்துக் கிணறு வற்றும். அதையும் சொத்து உருவாக்கம் என்றே எழுதுகிறோம். பண்ணைக் குட்டையும் அப்படித்தான்: மழைநீரைப் பிடித்தால் தகவமைப்பு, பிளாஸ்டிக் விரித்து நிலத்தடி நீரை இறைத்து நிரப்பினால் அது ஆவியாதலுக்குத் திறந்துவிட்ட தொட்டி. அளவுப் புத்தகத்தில் இரண்டும் ஒரே வரி.

வெட்டுபவரின் உடம்பு

தகவமைப்பு என்றால் கண்மாயை மட்டும் நினைக்கிறோம். மண்வெட்டி பிடிப்பவரும் அதே வெயிலில்தான் நிற்கிறார். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அவர்களில் வயதானவர்கள் கணிசம். பணித்தளத்தில் குடிநீர், நிழல், முதலுதவி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வேலை அளவு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஏப்ரல், மே வெயிலில் ஒரு மணி நேரத்தில் வெட்ட முடிகிற மண்ணும் கார்த்திகையில் வெட்ட முடிகிற மண்ணும் ஒன்றாக இருக்க முடியாது. அதிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதுதான் பாட்டிகளே கண்டுபிடித்த தகவமைப்பு. 2023 ஜனவரியில் கட்டாயமான செல்பேசி வருகைப் பதிவோ நாளுக்கு இரண்டு முறை படம் கேட்கிறது. வேலையை முடித்துவிட்டு, இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அளவு குறைந்தால் அதுவும் குறையும்.

வறட்சி அறிவிக்கப்பட்டால் கூடுதலாக 50 நாள் வேலை தர விதி இருந்தது. நல்ல விதி, ஆனால் அறிவிப்புக்குப் பிறகே நகரும். 2016இல் பருவம் பொய்த்தது ஐப்பசியிலேயே தெரிந்துவிட்டது. அறிவிப்பு வந்ததோ மார்கழிக் கடைசியில். நடுவில் ஆடும் மாடும் விற்றுப்போயின. கென்யாவின் வறண்ட வடபகுதியில் பசி தடுப்பு உதவித் திட்டம் ஒன்று, செயற்கைக்கோள் காட்டும் தாவரப் பசுமை ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினாலே கூடுதல் பணத்தை அனுப்புகிறது. வறட்சி அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை. மழைமானி எல்லா வட்டத்திலும் வைத்திருக்கும் நமக்கு இது கைக்கு எட்டாத தொழில்நுட்பம் அல்ல.

இப்போது மாறிய களம்

2025 செப்டம்பரில் மத்திய அரசு, நிலத்தடி நீர் மிக மோசமான ஒன்றியங்களில் திட்டச் செலவில் 65 சதவீதம், ஓரளவு நெருக்கடியுள்ளவற்றில் 40, மற்றவற்றில் 30 சதவீதம் நீர் வேலைகளுக்குப் போக வேண்டும் என்று விதித்தது. செலவின் பங்கை உயர்த்தியது, அளவுகோலைத் தொடவில்லை. மூன்றே மாதத்தில், டிசம்பரில், பழைய சட்டத்தின் இடத்தில் புதியதை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேலை நாள் நூறிலிருந்து 125 ஆனது. கூலிச் செலவு முழுவதையும் மத்திய அரசு ஏற்ற முறை போய், பெரும்பாலான மாநிலங்களுக்கு 60க்கு 40 என்ற பங்கீடு வந்தது. எடுக்க வேண்டிய நான்கு வகை வேலைகளில் முதலாவது நீர்ப் பாதுகாப்பு. தீவிர வானிலை நிகழ்வுகளின் பாதிப்பைக் குறைக்கும் வேலைகள் என்று தனியே ஒன்றும் உண்டு. காலநிலை முதல்முறையாகப் பெயரோடு சட்டத்துக்குள் வந்திருக்கிறது.

அதே சட்டம், விதைப்பும் அறுப்பும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை இந்த வேலைகளை நிறுத்தி வைக்கவும் சொல்கிறது. வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது காரணம். மழை ஒழுங்காக வந்த ஆண்டில் நியாயம்தான். சிவகங்கையிலோ ராமநாதபுரத்திலோ புரட்டாசியில் புழுதி விதைப்பு முடித்து ஐப்பசி மழைக்குக் காத்திருந்து, மழை வராமல் விதை மண்ணுக்குள்ளேயே செத்துப்போன ஆண்டில், வயலில் வேலை இருக்காது. நாள்காட்டிப்படி நூறு நாள் வேலையும் நிறுத்தத்தில் இருக்கும். ஆகவே மாநிலங்கள் அந்த 60 நாளைக் குறிக்கும் அறிவிப்பில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு மழை அளவையும் எழுத வேண்டும்: இந்த வட்டத்தில் இத்தனை வாரத்தில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நிறுத்தம் தானாக விலகும், அன்றைக்கே வரத்துக்கால் வேலை தொடங்கும் என்று.